கப்ளிங் சேர்ப்பவன்

எங்கள் பட்டறையில் மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் சேர்ந்ததற்கு நான்தான் காரணம் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அது மெய்தான். அந்தச் சேர்க்கையை முழுசாக ஒரு வருஷம் தள்ளிப்போட்டவனும் நானே. அது அவர்களுக்குத் தெரியாது.

சின்னப் பட்டறைகளில் புதுச் சாமான் எப்படி உண்டாகிறது என்று கேட்டால், போட்டி என்பார்கள், தேவை என்பார்கள், இன்னும் கொஞ்சம் பெருமையாகக் கோயமுத்தூர்க்காரன் மூளை என்பார்கள். இருக்கலாம். மற்றப் பட்டறைகளைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் பட்டறையில் அது உண்டானது ஒருவன் பட்ட வெட்கத்தால்.

ஐம்பதுகளின் கடைசி அது. பீளமேட்டில் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை, இரண்டு லேத்து, எட்டு ஆட்கள். முதலாளி அதற்கு முன்னால் விவசாயம் பார்த்தவர். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். நான் அங்கே பிட்டர். உள்ளே இருந்து வேலை செய்யும் பிட்டர் அல்ல, ஊர் ஊராகப் போகிற பிட்டர்.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறையை வெட்டி இறக்கியவை. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். பம்பு தண்ணீரை மேலே எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளும். கீழே இருந்து உறிஞ்சுவதற்குத்தான் எல்லை உண்டு, இருபது அடிக்குமேல் போனால் திணறும். அதனால் கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, மோட்டாரையும் பம்பையும் கிணற்றுக்குள் அடுத்த மேடைக்கு இறக்க வேண்டும். மழை வந்து தண்ணீர் ஏறினால் மறுபடி மேலே ஏற்ற வேண்டும். இறக்குவதும் ஏற்றுவதும் விவசாயிகளே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அன்றைக்கு மோட்டார் தனி, பம்பு தனி. இரண்டின் தண்டுகளையும் கப்ளிங் போட்டு இணைக்க வேண்டும். ஒரு மயிரிழை கோணினாலும் பேரிங் கத்தும், ரப்பர் தேயும், சில நாளில் தண்டே முறியும். சிகரெட் டின்னை வெட்டித் தகடு தகடாக அடியில் கொடுத்து இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதற்குத்தான் நான். எங்கள் ஆள் அல்லாமல் வேறு யாராவது கப்ளிங்கைத் தொட்டால் கம்பெனி பொறுப்பாகாது என்று முதலாளி அச்சடித்தே கொடுத்திருந்தார்.

ஆகவே விவசாயிகளிடமிருந்து தபால் கார்டு வரும். அங்கே எல்லோரும் நலமா, இங்கே மழை இல்லை, மோட்டார் இறக்கி வைத்திருக்கிறோம், தங்களுக்கு ஒழியும்போது பிட்டரை அனுப்பி வைக்க வேண்டியது. பயிர் காய்கிறது என்று ஒரு கார்டிலும் இருக்காது. சீக்கிரம் என்ற சொல்லும் இருக்காது. ஒழியும்போது.

அந்தக் கார்டுகள் எனக்கு என்னவாக இருந்தன என்று சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணனும் நானும் கிணற்றுப் பங்கில் முறைத்துக்கொண்டோம். கிணத்துக்கடவுப் பக்கம் இருந்த ஊருக்கு அப்புறம் நான் போகவில்லை. பெண் பார்க்கப் பெரியவர்கள் இல்லாதவனுக்கு எங்கள் பக்கம் யாரும் பெண் கொடுப்பதில்லை. பீளமேட்டில் மில்காரர்கள் குடியிருந்த லைன் வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தேன். இடது பக்கத்து அறைக்காரர் முதல் ஷிப்டு, வலது பக்கத்து அறைக்காரர் ராத்திரி ஷிப்டு. எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், அதனால் அந்த லைனில் வாய்விட்டுப் பேசுவது என்பதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெஸ்ஸையும் மூடிவிடுவார்கள். சனிக்கிழமை மாலை ஒருவரோடு பேசினால், அடுத்து என் குரலை நான் கேட்பது திங்கட்கிழமை காலை பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும்போதுதான்.

தோட்டங்களில் அப்படியில்லை. போய் இறங்கியதும், "வாங்க பிட்டரு, மொதல்ல தண்ணி குடிங்க," என்று சொம்பு வரும். வேலை முடிந்தால் சாப்பாடு. சாப்பிட்டால் பழமை பேசுவார்கள், எங்கள் பக்கத்தில் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பதற்கு அதுதான் பெயர். அரை நாள் வேலையை ஒரு நாளாக இழுக்க எனக்கு நன்றாகத் தெரியும். தகட்டைப் போடுவேன், எடுப்பேன், தலையை ஆட்டுவேன், மறுபடி போடுவேன். பொழுது சாய்ந்துவிட்டது, இருந்துவிட்டுப் போங்கள் என்று அவர்கள் சொல்லும் வரை கப்ளிங் சேராது.

கருமத்தம்பட்டிக்கு வடக்கே ஒரு தோட்டம் இருந்தது. புருஷன், பெண்டாட்டி, மூன்று வயதுப் பெண்குழந்தை, ஒரு கிணறு. முதல் தடவை போனபோதே அந்த அம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு, "நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று கேட்டாள். எங்கள் ஜனத்தில் குலத்துக்குக் கூட்டம் என்று பெயர், அதைக் கேட்காமல் யாரும் ஒருவரை முறை வைத்துக் கூப்பிடுவதில்லை. சொன்னேன். அவள் பிறந்த கூட்டமும் அதுவே.

"அப்ப நீங்க எனக்கு அண்ணன் முறையாகோணுமுங்க," என்றாள். அன்றிலிருந்து பிட்டரு போய் அண்ணன் ஆனேன்.

அவளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. ஒரு தை மாதம் மோட்டாரை மேலே ஏற்றிக் கப்ளிங் சேர்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னாள். "வெங்காயம் போடறமுங்கண்ணா. அத எடுத்ததும் வைகாசில புள்ளைக்குக் காது குத்திப்போடலாம்னு இருக்கறமுங்க. நீங்கதான் மாமன். உங்க மடில வெச்சுத்தான் குத்தோணும்."

நான் ஏதோ முனகினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்து திமிறினால் எப்படிப் பிடித்துக்கொள்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். எனக்குப் பிள்ளைகளைத் தூக்கிப் பழக்கமில்லை. வேறு யாருக்காவது இது ஒரு விஷயமாகவே இருந்திருக்காது. எனக்கு அந்த வருஷத்தில் அதைத் தவிர வேறு விஷயம் இல்லை.

இதற்கு முந்தின கோடையிலேயே அந்த யோசனை எனக்கு வந்திருந்தது. பட்டறை மூலையில் உளி தீட்டுகிற அரைக்கல் ஒன்று இருந்தது. மோட்டாரின் தண்டே வெளியே நீண்டிருக்கும், அதன் முனையிலேயே கல்லை மாட்டியிருப்பார்கள். நடுவில் கப்ளிங் கிடையாது. பட்டறையில் இருக்கிற நாளெல்லாம் அதில் தீட்டுகிறவன்தான் நான். ஒரு நாள் தீட்டிக்கொண்டே இருந்தவன் நிறுத்திவிட்டேன். கல் இருக்கும் இடத்தில் பம்பின் உள்சக்கரத்தை மாட்டினால் என்ன? மோட்டாரும் பம்பும் ஒரே தண்டு, ஒரே சாமான். கயிறு கட்டி இறக்கி, நாலு போல்ட்டை முடுக்கினால் தீர்ந்தது. மட்டம் பார்க்க வேண்டாம், தகடு வேண்டாம், பிட்டர் வேண்டாம்.

கடைசியாக வந்த அந்தச் சொல்லில் என் உற்சாகம் நின்றுபோனது. பிட்டர் வேண்டாம் என்றால் கார்டு வராது. கார்டு வராவிட்டால் நான் எங்கே போவேன்? முதலாளி நாலடி தூரத்தில் நின்று வார்ப்பிலிருந்து வந்த பம்பு பாடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உளியைத் துடைத்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

முதலாளிக்கு அப்படி ஒரு மாற்றம் தேவை என்று தோன்ற வழியே இல்லை. ஒவ்வொரு வேலை முடிந்ததும் விவசாயியிடம் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். மோட்டார் எப்படி ஓடுகிறது, வேலையில் குறை உண்டா என்று அதில் கேட்டிருக்கும். எல்லாச் சீட்டிலும் ஒரே பதில்தான், நன்றாக ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. தண்டு முறிந்து பத்து நாள் கிடந்தவரும் அதையே எழுதினார். வீடு தேடி வந்து வேலை செய்தவனிடம் குறை சொல்வது மரியாதையில்லை என்பது அவர்கள் எண்ணம். முதலாளி அந்தச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

அந்தக் கோடையில் தண்ணீர் எல்லாக் கிணற்றிலும் ஒரே வாரத்தில் இறங்கிவிட்டது. கார்டுகள் கட்டாக வந்தன. எந்த ஊருக்கு முதலில் போவது என்பதை நான்தான் அடுக்குவேன். கருமத்தம்பட்டிக் கார்டு ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. அதை நான் அடியில் வைத்தேன். அவர்கள்மேல் அலட்சியத்தால் இல்லை, நேர் எதிர். சூலூர்ப் பக்கத்து வேலைகளை முடித்துக்கொண்டு, அக்கம்பக்கத்துத் தோட்டங்களையும் முடித்துக்கொண்டு, மறு வாரம் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே போய்ச் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருக்கலாம். அதற்காக வைத்தேன். நன்றாக யோசித்து, நானே என்னை மெச்சிக்கொண்டு வைத்தேன்.

சனிக்கிழமை போனேன். மோட்டாரையும் பம்பையும் கீழ் மேடையில் இறக்கித் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். இறக்கிப் பத்து நாளாகிவிட்டதாம். மோட்டார் வந்ததுமே கிணற்றிலிருந்து கவலையில் தண்ணீர் இழுத்த மாடுகளை விற்றிருந்ததால், இறைக்க வேறு வழியும் இல்லை. வெங்காயம் காய் பிடிக்கிற சமயம். பாத்தி முழுக்க வெங்காயத் தாள் வெளுத்துத் தரையோடு படிந்திருந்தது. மண்ணில் வெடிப்பு.

தோட்டத்துக்காரர் என்னை அழைத்துப் போய்க் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தார். சொம்பு வந்தது. நான் பாத்தியைப் பார்க்காமல் தண்ணீரைக் குடித்தேன். அவர்தான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"ஒண்ணு சொல்லோணுமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

இப்போது திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

"வியாழக்கெழம சைக்கிள்ல வந்தனுங்க. பக்கத்து ஊர்ல நீங்க வேல செய்யறதாச் சொன்னாங்க. வந்து பாத்தா வேப்ப மரத்தடில அசந்து தூங்கிட்டு இருந்தீங்க. அலஞ்சு வந்தவரு, எழுப்ப மனசு வரலீங்க. செத்த நேரம் நின்னு பாத்துப்போட்டு வந்துட்டனுங்க. பாத்தும் பேசாமப் போய்ட்டான்னு ஆராச்சும் உங்ககிட்டச் சொல்லியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் மன்னிப்புக் கேட்டார். தன் பயிர் சாகிறபோது என் தூக்கத்தைக் கெடுக்காமல் போனவர், பேசாமல் போனதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கே அந்த வேலை முடிந்துவிட்டது. இரண்டு மைல் தூரம்தான். எழுந்து நடந்திருந்தால் மத்தியானத்துக்குள் தண்ணீர் பாய்ந்திருக்கும், பாதியாவது பிழைத்திருக்கும். சனிக்கிழமைக்காகத்தான் தூங்கினேன் என்று எந்த வாயால் சொல்வது? 

கிணற்றுக்குள் இறங்கி ஒரு மணி நேரத்தில் கப்ளிங்கைச் சேர்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் சேர்த்ததில்லை. தண்ணீர் வாய்க்காலில் ஓடியபோது அவர்கள் இரண்டு பேரும் அதை வெங்காயத்துக்குத் திருப்பவில்லை, தென்னங்கன்றுகளுக்குத் திருப்பினார்கள். வெங்காயம் போய்விட்டது என்று அப்போது எனக்குப் புரிந்தது.

சோறு போடும்போது அவள், "காது குத்தறத அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்கண்ணா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சீட்டை நீட்டினேன். "நீங்களே எழுதிப்போடுங்க," என்றார் அவர். நன்றாக ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை என்று என் கையால் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை இருக்கச் சொன்னார்கள். இருக்கவில்லை.

திங்கட்கிழமை முதலாளியிடம் அரைக்கல்லைக் காட்டி யோசனையைச் சொன்னேன். அவர் கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளைக் காட்டினார்.

"ஒருத்தரும் கொற சொல்லலியேப்பா. நல்லா ஓடறத எதுக்கு நோண்டோணும்?"

"அவங்க சொல்லமாட்டாங்க மொதலாளி. நீங்க ஒரு நட வந்து பாருங்க."

மறுநாள் என்னைத் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு கருமத்தம்பட்டித் தோட்டத்துக்கு வந்தார். தோட்டத்துக்காரர் ஓடி வந்து கட்டில் போட்டார். மோட்டார் எப்படி என்று முதலாளி கேட்டார். "ஒரு கொறையும் இல்லீங்க. உங்க பிட்டரு தங்கமான மனுசன்," என்றார் அவர். முதலாளி பாத்திக்குள் இறங்கி ஒரு வெங்காயத்தைப் பிடுங்கினார். சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். விவசாயி வீட்டில் பிறந்தவருக்கு அதற்குமேல் சீட்டு எதுவும் தேவைப்படவில்லை. காரில் ஏறித் திரும்பினோம். பாதி வழியில், "அந்த அரைக்கல்லுல என்னமோ பாத்தேன்னியே, மறுக்காச் சொல்லு," என்றார்.

சொன்னபடி சுலபமாக வந்துவிடவில்லை. முதலில் செய்ததில் தண்ணீர் தண்டு வழியாகவே ஊர்ந்து மோட்டாருக்குள் போய்ப் புகைந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. முதலாளி இரண்டு மொழியிலும் திட்டினார். கடைசியில் லேத்துக்காரர் தண்டின் நடுவில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டினார். ஊர்ந்து வரும் தண்ணீரை அது சுழற்றி வெளியே வீசிவிட்டது. ஆறு மாதம் போயிற்று. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் பட்டறைக்குப் போனேன். அந்த ஆறு மாதமும் எனக்கு நன்றாகவே கழிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறையில் தனியாக உட்கார்ந்திருக்க நேரமில்லை.

சரியாக வந்த முதல் சாமானைக் கருமத்தம்பட்டித் தோட்டத்துக்கே கொண்டுபோனோம். பழைய மோட்டாரை எடுத்துக்கொண்டு இதைக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தார் முதலாளி. குழந்தையின் அப்பாவும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் கயிறு கட்டி அவர்களே இறக்கினார்கள், போல்ட்டை முடுக்கினார்கள், சுவிட்சைப் போட்டார்கள். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொட்டியது. குழந்தை கை தட்டியது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் என் கருவிப் பையை நான் திறக்கவே இல்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு பட்டறைக்கு வந்த கார்டுகள் வேறு மாதிரி. எங்கள் ஊருக்கு நாலு வேண்டும், ஆறு வேண்டும் என்று முதலாளி பெயருக்கு வந்தன. எட்டுப் பேர் இருந்த கொட்டகையில் இருபது பேரானார்கள். எனக்குத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் வேலை. புது பம்புகளை ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டிப் பார்த்து அனுப்ப வேண்டும். எட்டு மணி நேரமும் இரைச்சல். யார் பேசினாலும் கேட்காது, அதனால் யாரும் பேசுவதில்லை. சம்பளத்தை உயர்த்தினார்கள். அறைக்குத் திரும்பினால் பக்கத்து அறைக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார்.

காது குத்துக்குக் கார்டு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருசம் என்றுதானே சொன்னாள்? வைகாசி போனது. அடுத்த தையும் போனது. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே கிளம்பிப் போனேன்.

பாத்தியில் வெங்காயம் பச்சைப் பசேலென்று நின்றது. குழந்தை ஓடி வந்து, என்னை அடையாளம் தெரியாமல் நின்றது. காதில் சிவப்புக் கல் வைத்த கம்மல்.  என் பார்வை போன இடத்தை அதன் அம்மா பார்த்துவிட்டாள்.

"தையில குத்திப்போட்டமுங்கண்ணா. உங்களுக்குக் கார்டு போடோணும்னு அவரு ரெண்டு நட எடுத்து வெச்சாருங்க. மோட்டாருந்தான் ஒரு கொறையும் இல்லாம ஓடுதே, வேலையக் கெடுத்து உங்கள எதுக்கு அலைய வெக்கோணும்னு உட்டுப்போட்டமுங்க."

"மாமன் ஆருங்க?"

"எங்க சித்தப்பா பையனுங்க."

"ரொம்ப நல்லதுங்க," என்றேன்.

அந்தச் சனிக்கிழமைக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்துபோயிற்றா, இல்லை, மெய்யாகவே என்னைச் சிரமப்படுத்த வேண்டாம் என்றுதான் விட்டார்களா? எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மோரை மெதுவாகக் குடித்தேன்.

அவர் வாய்க்காலிலிருந்து மண்வெட்டியோடு வந்தார். "வாங்க வாங்க. ஏனுங்க, இந்தப் பக்கம் ஏதாச்சும் சோலியா வந்தீங்களா?"

உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம்.  "ஆமாங்க, பக்கத்துல ஒரு வேலைங்க," என்று கிழக்கே கையைக் காட்டினேன்.

"அப்ப உங்களுக்கு நேரமாகுமுங்க," என்றார் அவர். சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று சொல்ல வாயெடுத்த அவளைப் பார்த்து, "வேலையா வந்தவரப் புடிச்சு வெக்கக் கூடாது," என்றார். தோட்டத்து வேலித் தடுப்பு வரைக்கும் இரண்டு பேரும் கூட வந்து வழியனுப்பினார்கள்.

பஸ் நிற்கும் இடம் மேற்கே. நான் கிழக்கே நடந்தேன். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன், இரண்டு தடவையும் அவர்கள் தடுப்பருகிலேயே நின்று கையசைத்தார்கள். அதனால் அந்த வெயிலில், எனக்கு ஒரு வேலையும் இல்லாத அந்தப் பாதையில், அவர்கள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் போய்க்கொண்டே இருந்தேன்.